சுவருக்கும் ஒரு நாட்காட்டி உண்டு

 

ஓமலூரில் ஒரு வீட்டுச் சுவரில் படிந்த கறை, சென்ற ஆண்டு ஜமாஅத்தார் முன்னிலையில் ஒரு வழக்காகவே வந்து நின்றது. கறைக்குமா பஞ்சாயத்து என்று சிரிக்க வேண்டாம். அந்தக் கறைக்குப் பின்னால் ஒரு தாயின் சீட்டுப் பணமும், ஓர் ஏழைத் தொழிலாளியின் கூலியும், இரண்டு குடும்பங்களின் மனக்கசப்பும் இருந்தன.

நடந்தது இதுதான். கணவர் வளைகுடா நாட்டில் உழைக்கிறார். மகளின் நிக்காஹ் ஐப்பசி மாதத்தில் நிச்சயமாயிற்று. சீட்டு எடுத்த பணத்தில் அந்தச் சகோதரி மாடியில் ஓர் அறை எழுப்பி, வீட்டின் நான்கு புறமும் வண்ணம் பூசச் செய்தார். திருமணம் இனிதே முடிந்தது. பெயிண்டருக்குக் கூலியில் ஒரு பகுதி பாக்கி நின்றது. அடுத்த ஆவணி மழைக்குள் சுவர் ஒரு பக்கம் வெளுத்தது. ஒரு பக்கம் கறுத்தது. அடிப்பகுதியில் உப்புப் பூத்தது. "மட்டமான பெயிண்டை அடித்து ஏமாற்றிவிட்டார்" என்று சொல்லி, அந்தச் சகோதரி பாக்கிக் கூலியைத் தர மறுத்துவிட்டார். பெயிண்டரோ, "அல்லாஹ்வுக்குப் பொதுவாகச் சொல்கிறேன், நான் ஏமாற்றவில்லை" என்றார். அவரும் அதே ஜமாஅத்தைச் சேர்ந்தவர். ஐந்து வேளையும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுபவர்.

கட்டடப் பணிகளை நெடுநாள் கவனித்து வருபவன் என்பதால், பெரியவர்கள் என்னையும் உடன் அழைத்தனர். ஓர் அஸர் தொழுகைக்குப் பின் நாங்கள் அந்த வீட்டைச் சுற்றி வந்தோம். அன்று கண்டவை எல்லா இல்லங்களுக்கும் பயன்படும் என்பதால் இம்மாதம் அவற்றையே எழுதுகிறேன்.

மேற்குச் சுவர்: வெயிலின் வேலை

வீடு கிழக்கு நோக்கியது. எனவே கொல்லைப்புறச் சுவர் மேற்குச் சுவர். அதன் இளம்பச்சை நிறம், பலமுறை துவைத்த துணிபோல் வெளிறிக் கிடந்தது. உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தேன். மாவுபோல் வெண்பொடி ஒட்டிக்கொண்டது.

பெயிண்ட் என்பது இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று நிறம் தரும் நுண்பொடி. மற்றொன்று அப்பொடியைச் சுவரோடு பிணைத்து வைக்கும் பசை. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் அந்தப் பசையைச் சிறுகச் சிறுக அறுக்கின்றன. பிணைப்பு அறுந்தபின் பொடி தனித்து மேலே நிற்கிறது. கையில் ஒட்டிய வெண்பொடி அதுதான். வெள்ளை நிறத்திற்காகவும் மறைக்கும் ஆற்றலுக்காகவும் பெரும்பாலான பெயிண்ட்களில் சேர்க்கப்படுவது டைட்டானியம் டையாக்சைடு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் இல்மனைட் என்னும் கருமணல் இதன் மூலப்பொருள்களுள் ஒன்று. உரிய மேற்பூச்சு செய்யப்படாத மட்டமான டைட்டானியப் பொடி, வெயில் பட்டதும் தன்னைச் சூழ்ந்த பசையைத் தானே அரிக்கவும் துணைபோகிறது.

பத்தே மாதத்தில் இவ்வளவு வெளுக்குமா என்று விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. கொல்லைப்புறம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று, உள்அறைகளுக்கு வாங்கிய டிஸ்டெம்பரில் மிஞ்சியதை வீட்டாரே அங்கே பூசச் சொல்லியிருக்கின்றனர். உள்சுவருக்குச் செய்த பூச்சு வெயிலையும் மழையையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. மனிதர் பார்க்காத அந்தச் சுவரைத்தான் பிற்பகல் சூரியன் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதே பாடத்தை நம் பள்ளிவாசல்களிலும் காணலாம். நம் நாட்டில் கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து அமைந்துள்ளது. ஆகவே மிஹ்ராப் அமைந்த சுவரின் வெளிப்புறமே மாலை வெயிலை முழுமையாகத் தாங்குகிறது. பெரும்பாலும் முதலில் நிறம் இழப்பதும் அதுவே. பச்சை பூசிய மினாரா சில ஆண்டுகளில் நீலம் பாரித்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். மஞ்சளையும் நீலத்தையும் கலந்து உண்டாக்கிய பச்சையில், வெயிலுக்கு ஈடுகொடுக்காத மஞ்சள் முதலில் மறைந்துவிடுகிறது; நீலம் மட்டும் எஞ்சுகிறது. காவி, செம்மண் நிறம், மண்மஞ்சள் போன்ற இரும்புத்தாது நிறங்கள் எளிதில் மங்குவதில்லை. பளிச்சென்ற சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் ஊதாவும்தான் பெரும்பாலும் விரைவில் விடைபெறுகின்றன.

வடக்குச் சுவர்: பாசியின் குடியிருப்பு

வடக்குச் சுவருக்கும் அடுத்த வீட்டிற்கும் இடையே ஒருவர் நடக்கும் அளவு சந்து. அச்சுவரில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் இறங்கியிருந்தன. அந்தச் சகோதரிக்குப் பெரும் வருத்தம் இதில்தான். "உள்ளே கறுப்புப் பெயிண்ட் இருந்து வெளியே வந்திருக்கிறது" என்று எவரோ சொல்லியிருக்கின்றனர்.

ஒரு குவளை நீரில் சிறிது பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரைத் துணியில் நனைத்துக் கறுப்பின் ஓரிடத்தில் ஒற்றி வைத்தோம். சிறிது நேரத்தில் அந்த இடம் வெளுத்தது. புகைக்கரியாக இருந்தால் இப்படி வெளுக்காது. இது உயிருள்ள பொருள், பாசியும் பூஞ்சையும். வெப்ப நாடுகளில் வெளிச்சுவரைக் கறுக்கச் செய்வதில் நீலப்பச்சைப் பாசிக்குப் பெரும் பங்கு உண்டு. நனைந்தால் பச்சை காட்டும். காய்ந்தால் கறுத்துப் போகும். அதற்கு வேண்டியது ஈரமும் நிழலும்தான்.

இந்தச் சுவர் மட்டும் ஏன் பாசிக்கு இடம் கொடுத்தது? ஓமலூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11.7 பாகையில் உள்ளது. ஏப்ரல் பிற்பகுதியில் உச்சியைக் கடந்து வடக்கே சாயும் சூரியன், ஆகஸ்ட் பிற்பகுதியில் மீண்டும் தெற்கே சாய்ந்துவிடுகிறது. அந்த நான்கு மாதங்களில்தான் நம் வடக்குச் சுவர்களுக்கு நண்பகல் வெயில் கிடைக்கும். அதன்பின் வரும் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வடக்குச் சுவரை உலர்த்த நேர் வெயில் இல்லை. மழை கூடும் வேளையில் வெயில் விலகிக்கொள்கிறது. பாசிக்கு இதைவிட நல்ல காலம் ஏது?

அண்ணாந்து பார்த்தோம். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் குழாய் அச்சுவரின் மேலேயே முடிந்திருந்தது. நாள்தோறும் மோட்டாரை நிறுத்த மறந்த வேளைகளில் வழிந்த நீர், சுவரை நனைத்தபடியே இருந்திருக்கிறது. கறுப்புப் பட்டைகள் தொடங்கிய இடமும் அதுவே.

அடிச்சுவர்: வெள்ளையெல்லாம் சுண்ணாம்பு அல்ல

சேலத்திலிருந்து ஓமலூருக்கு வரும் வழியில் வெள்ளைக்கல் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயர் அவற்றைச் சுண்ணக் குன்றுகள் என்று பொருள்பட அழைத்தனர். ஆனால் அது சுண்ணாம்பு அன்று. மாக்னசைட் என்னும் தாது. உலைகளின் உட்புறத்தில் வெப்பம் தாங்கும் செங்கல் செய்ய உதவுவது. பார்வைக்கு வெள்ளை என்பதால் பெயர் மாறிவிட்டது. சுவரில் தெரியும் வெள்ளையும் அப்படியே. மேற்குச் சுவரின் வெள்ளை, பசை இழந்த பொடி. அடிச்சுவரின் வெள்ளையோ உப்பு.

தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை பெயிண்ட் கொப்பளித்து, உரிந்து, அதன்கீழ் பஞ்சுபோல் உப்புப் பூத்திருந்தது. விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் செங்கல்லும் காரையும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகின்றன. ஈரம் தனியே வருவதில்லை. மண்ணிலும் மணலிலும் செங்கல்லிலும் ஆழ்குழாய் நீரிலும் உள்ள உப்புகளைக் கரைத்து உடன் கொண்டு வருகிறது. சுவரின் முகத்திற்கு வந்ததும் நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. தங்கிய உப்பு படிகமாக வளரும்போது மேலுள்ள பூச்சைத் தள்ளி உடைக்கிறது. இங்கே துணி துவைக்கும் கல் சுவரை ஒட்டியே கிடந்தது. சுவருக்கு நாள்தோறும் சவர்க்கார நீர் விருந்து!

உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது பலரும் செய்யும் தவறு. கழுவிய நீரிலேயே உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள் போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட வேண்டும். ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே எத்தனை பூச்சு பூசினாலும் அது காசைக் கரைப்பதே ஆகும். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு முழச் சதுர பாலிதீன் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை.

முகப்பு: புகையும் துருவும்

கிழக்கு முகப்பில் சன்னல் கம்பிகளின் கீழே பழுப்புக் கோடுகள். அது இரும்பின் துரு, சுவரின் குற்றமன்று. செம்மண் தெறித்த கறை முழங்கால் உயரம். சாலைப் புழுதியும் வாகனப் புகையும் சேர்ந்து, சன்ஷேடின் மேல் தங்கி, மழை வந்தபோது கோடுகோடாக வழிந்திருந்தன.

புகை வெண்மையைக் கெடுக்கும் என்பதற்கு ஆக்ராவின் தாஜ்மகாலே சான்று. அதன் பளிங்கு மஞ்சளாவதைக் கருதி, 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அச்சுற்றுவட்டாரத்தின் 292 தொழிற்கூடங்களை நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2014 இறுதியில் கான்பூர் ஐ.ஐ.டி.யும் இந்தியத் தொல்லியல் துறையும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, பளிங்கில் படிந்தவை புழுதியும் கரித்துகள்களும் என்றும், குப்பை, சாணம், விறகு, எரிபொருள் ஆகியவற்றை எரிக்கும் புகையிலிருந்து வரும் பழுப்புக் கரிமத் துகள்களே மஞ்சளுக்குப் பெரிதும் காரணம் என்றும் காட்டியது. முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் கழுவி அந்தப் பளிங்கைத் தூய்மை செய்கின்றனர். மாமன்னர் எழுப்பிய மாளிகைக்கே இந்த நிலை என்றால், தெருவில் குப்பையைக் கொளுத்திவிட்டு நம் சுவர் மட்டும் வெண்மையாக இருக்கும் என எதிர்பார்க்கலாமா?

மாடி அறை: அவசரத்தின் விலை

கடைசியாகப் புதிய அறை. அங்கே நிறம் திட்டுத்திட்டாக வெந்துபோனதுபோல் இருந்தது. பூச்சு வேலை முடிந்து எத்தனை நாளில் பெயிண்ட் அடித்தீர்கள் என்று கேட்டோம். பெயிண்டர் தலை கவிழ்ந்தார். "பத்து நாள்தான் ஆகியிருந்தது. அக்கா நிக்காஹ் தேதியைச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். பிரைமரும் வேண்டாம் என்றார்கள். ஆகாது என்று எனக்குத் தெரியும், வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று வாயைத் திறக்கவில்லை" என்றார்.

புதிய சிமெண்ட் பூச்சு கடுமையான காரத்தன்மை உடையது. அக்காரம் பெயிண்டின் பசையைச் சிதைக்கும். சில நிறங்களை அடியோடு மாற்றிவிடும். பூச்சு முடிந்து குறைந்தது 28 நாட்களாவது விட வேண்டும். மழைக்காலமானால் இரண்டு மூன்று மாதம் காத்திருப்பது நலம். அதன்பின் காரத்தைத் தாங்கும் பிரைமர், அதன்மேல்தான் வண்ணம்.

தீர்ப்பு

ஆக, ஐந்து இடங்களில் ஐந்து காரணங்கள். மேற்கே வீட்டாரின் சிக்கனம், வடக்கே வழிந்த தொட்டி, அடியில் துவைகல், முகப்பில் சாலை, மாடியில் இருவரின் அவசரம். ஏமாற்று மட்டும் எங்கும் இல்லை. அந்தச் சகோதரியின் கண்கள் கலங்கின. "பத்து மாதம் ஒரு மனிதரைத் திருடன் என்று நினைத்துவிட்டேனே" என்றார். அன்று மஃரிபுக்கு முன்பே பாக்கிக் கூலி முழுவதும் கொடுக்கப்பட்டது. பெயிண்டரும், தெரிந்தும் வாய் திறவாதது தம் குறை என்று ஒப்பி, மாடி அறைக்கு மட்டும் கூலியின்றி மறுபூச்சுச் செய்து தர முன்வந்தார். உழைத்தவரின் கூலியைக் காலம் கடத்துவது எவ்வளவு பெரிய பாவம் என்பதை நாம் அறிவோம். ஆனால் நம் சந்தேகமே அந்தத் தாமதத்திற்கு நியாயம்போல் வந்து நிற்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

பிறைக் கணக்கும் சூரியக் கணக்கும்

இந்த வீட்டில் நடந்தது நம் வீடுகள் பலவற்றில் நடப்பதே. நோன்புப் பெருநாளுக்கு முன் வெள்ளையடிப்பது நம் முன்னோர் வழக்கம். பிறையை வைத்து எண்ணும் நம் ஆண்டு, சூரிய ஆண்டைவிடப் பதினோரு நாள் அளவு குறைவு. எனவே பெருநாள் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2003 முதல் 2006 வரை நோன்புப் பெருநாள் நவம்பரிலும் அக்டோபரிலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்தது. அப்போது பெருநாளுக்காகப் பூசிய வண்ணங்கள் ஈரச் சுவரில்தான் பூசப்பட்டன. 2030களின் பிற்பகுதியில் அதே பருவத்திற்குப் பெருநாள் மீண்டும் வந்து சேரும்.

முன்னோர் பூசியது சுண்ணாம்பு என்பதை மறந்துவிடக் கூடாது. கிளிஞ்சலையோ சுக்கான்கல்லையோ சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் சிறிது நீலம் சேர்த்துப் பூசினர். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாக இறுகும். ஆனால் சுவரின் ஈரம் வெளியேற வழிவிடும். செட்டிநாட்டு வீடுகளில் முட்டையின் வெண்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுண்ணக் காரை, இன்றும் பளபளப்பதைக் கானாடுகாத்தானில் காணலாம். இன்றைய எமல்ஷன் பெயிண்ட் மெல்லிய தோல்போல் சுவரை மூடுகிறது. உலர்ந்த சுவருக்கு அது நல்ல போர்வை; ஈரச் சுவருக்கோ கொப்புளம். சுண்ணாம்புக் காலத்துப் பழக்கத்தில் இன்றைய பெயிண்டைப் பூசினால் பழுது வரத்தான் செய்யும்.

ஆகவே பெருநாள் பிறைக் கணக்கில் வரட்டும். சுவரின் வேலையைச் சூரியக் கணக்கில் வையுங்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் தை பிற்பகுதி முதல் பங்குனி வரை ஏற்ற காலம். சித்திரை நண்பகலில் பூசினால் பெயிண்ட் இறுகுமுன்பே உலர்ந்துவிடும். நிழல் விழும் பக்கமாகப் பார்த்துப் பூச வேண்டும். பெருநாள் மழையில் வந்தால், கழுவித் துடைத்த சுவரே பெருநாளுக்குப் போதும்.

இல்லத்தரசிகளின் கவனத்திற்கு

பெயிண்ட் வாங்கும் முன் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். தொட்டி வழிகிறதா, மழைநீர்க் குழாய் சுவரில் கொட்டுகிறதா, கைப்பிடிச் சுவரில் வெடிப்பு உண்டா, சன்ஷேடின் கீழ்விளிம்பில் நீர் சொட்டி விழக் காடி இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் நீரை நிறுத்துங்கள், பிறகு சுவரை உலர விடுங்கள், பிறகு பிரைமர், நிறம் கடைசி. பாசியைப் பிளீச்சிங் நீரால் தேய்த்துக் கழுவி முழுதும் உலர்ந்தபின்பே பூச வேண்டும். பாசியின் மேல் பூசினால் அது பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பிளீச்சிங் பவுடருடன் கழிப்பறை ஆசிட்டை ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சுவாயு எழும்.

இன்னொன்று. பழைய கதவு, சன்னல்களின் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்வாகச் சுரண்டினால் பறக்கும் தூசி, குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. நனைத்தே சுரண்டுங்கள், கர்ப்பிணிகளும் சிறுவர்களும் அங்கே இருக்க வேண்டாம்.

அந்த ஓமலூர் வீட்டில் இப்போது தொட்டிக்குழாய் திருப்பப்பட்டுவிட்டது, துவைகல் நகர்ந்துவிட்டது. மறுபூச்சு மாசியில்தான் நடந்தது. செலவு, முதன்முறை ஆனதில் ஒரு பகுதிதான். ஆண்டுதோறும் கறையின் மேல் காசைப் பூசுவது வீண்விரயம். காரணத்தைக் கண்டு நீக்குவதே சிக்கனம். இது சுவருக்கு மட்டுமன்று, உறவுக்கும் பொருந்தும்.

கறை கண்டவுடன் மனிதரைக் குறை கூறாமல், காரணத்தைத் தேடும் பொறுமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.